ஒரு ஸ்டெப்பில் வைத்த மதிப்பு அடுத்த ஸ்டெப்பில் ஏன் இல்லை?

கணினிக் கேள்வி–பதில் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் ஏழு ஒரே சிக்கலைப் பற்றியவை. எழுதியவர்கள் செங்கோட்டை, களியக்காவிளை, குமுளி, கொழிஞ்சாம்பாறை என்று கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் இருந்துகொண்டு, வீட்டிலிருந்தோ சிறிய அலுவலகத்திலிருந்தோ மென்பொருள் எழுதுகிறவர்கள். பில்ட் பைப்லைனில், அதாவது எழுதிய மென்பொருளைக் கட்டி, சோதித்து, ஏற்றும் வேலைகளைப் படிப்படியாகத் தானே செய்யும் அமைப்பில், ஓரிடத்தில் கணக்கிட்ட மதிப்பை இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்க்க முடியாமல் அவர்கள் எல்லோருமே இரவுகளை இழந்திருக்கிறார்கள். பக்கத்தில் கேட்டுத் தெளிய ஆள் இல்லாத இடத்தில் இப்படிப்பட்ட சிக்கல் எவ்வளவு நேரத்தைத் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும் என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். எங்கள் குடும்பம் செங்கோட்டையில் லாரி புக்கிங் அலுவலகம் நடத்துகிறது. புளியரை வழியாகக் கொல்லம் பக்கம் போகும் லாரிகளின் டிரிப் ஷீட்டுகளைப் பதிவுசெய்ய நானும் இரண்டு நண்பர்களும் ஒரு மென்பொருள் எழுதி, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கிறோம். அதன் பைப்லைன் வசதியான கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் முதல் ஸ்டெப்பில் 'கிட் டிஸ்கிரைப்' கட்டளையால் பதிப்பு எண்ணை எடுத்து, 'வெர்ஷன்' என்ற மாறியில் வைத்து எக்ஸ்போர்ட் செய்கிறோம். அதே ஸ்டெப்பில் அச்சிட்டுப் பார்த்தால் எண் சரியாக இருக்கிறது. மூன்றாவது ஸ்டெப்பில் டாக்கர் இமேஜ் (மென்பொருளையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்த பொதி) கட்டும்போது அந்த மாறி வெறுமையாகிவிடுகிறது. 'இன்வேலிட் ரெஃபரன்ஸ் ஃபார்மட்' என்று பிழை வருகிறது. அதே கட்டளைகளை மடிக்கணினியில் வரிசையாக அடித்தால் ஒழுங்காக ஓடுகிறது. எங்கே தவறுகிறோம்?
— வாசகர், செங்கோட்டை

பதில்: நீங்கள் எழுதிய கட்டளையில் தவறு இல்லை. உங்கள் மடிக்கணினியில் எல்லாக் கட்டளைகளும் ஒரே ஷெல்லுக்குள் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலுக்குள்) ஓடுகின்றன. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் 'ரன்' என்று தொடங்கும் ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு புதிய ஷெல் தொடங்கப்பட்டு, அந்த ஸ்டெப் முடிந்ததும் மூடப்படுகிறது. வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

சூழல் மாறிகள் யூனிக்ஸில் எப்படிக் கடத்தப்படுகின்றன என்பதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் திரும்ப வராது. ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், இன்னொரு ப்ராசஸைத் தொடங்கும்போது தன் சூழல் மாறிகளின் நகலை அதற்குக் கொடுக்கிறது. குழந்தை ப்ராசஸ் அந்த நகலில் எதை மாற்றினாலும், எதைச் சேர்த்தாலும், தாய் ப்ராசஸுக்கு அது தெரிவதில்லை. எக்ஸ்போர்ட் என்பதன் பொருள் 'இனி நான் தொடங்கப்போகும் குழந்தைகளுக்கு இதையும் கொடு' என்பது மட்டுமே. 'என்னைத் தொடங்கியவருக்குச் சொல்' என்றோ 'எனக்குப் பின்னால் வரும் தம்பிக்குச் சொல்' என்றோ அதற்குப் பொருள் கிடையாது. உங்கள் மூன்று ஸ்டெப்புகளும், அவற்றை ஓட்டும் ரன்னர் என்ற ஒரே தாய்க்குப் பிறந்த மூன்று குழந்தைகள். மூத்தது தன் நகலில் எழுதிவைத்தது அது மறைந்தபோது அதோடு மறைந்துவிட்டது.

உங்கள் தொழிலிலேயே இதற்கு நேரான நடைமுறை உண்டு. ஒரு லாரிக்குச் செங்கோட்டையில் டிரைவர் மாறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் டிரைவரிடம் வாய்மொழியாகச் சொன்ன இறக்குமிடம் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். வண்டியின் முன்பெட்டியில் இருக்கும் டிரிப் ஷீட்டில் எழுதியதுதான் இரண்டாவது டிரைவரின் கைக்கு வரும். பைப்லைனிலும் அப்படித்தான். ஸ்டெப்புகளுக்கு வெளியே, ரன்னர் வைத்திருக்கும் ஒரு கோப்பில் எழுதினால்தான் அடுத்த ஸ்டெப் படிக்க முடியும்.

அப்படி எழுதுவதற்கு இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்றின் பாதை 'கிட்ஹப் என்வ்' என்ற சூழல் மாறியிலும், மற்றதன் பாதை 'கிட்ஹப் அவுட்புட்' என்ற சூழல் மாறியிலும் கிடைக்கும். இரண்டு பெயர்களும் பெரிய எழுத்தில், நடுவே அடிக்கோட்டுடன் எழுதப்படும். 'பெயர், சமக்குறி, மதிப்பு' என்ற வடிவில் ஒரு வரியை எக்கோ செய்து, இரட்டை அம்புக்குறியால் அந்தக் கோப்பின் கடைசியில் சேர்க்க வேண்டும். ஒற்றை அம்புக்குறி போட்டால், அதே ஸ்டெப்பில் அதற்கு முன் எழுதியவை அழிந்துவிடும். முதல் கோப்பில் எழுதியது, அதே ஜாப்பின் (ஒரே இயந்திரத்தில் ஓடும் ஸ்டெப்புகளின் தொகுதியின்) பின்வரும் எல்லா ஸ்டெப்புகளிலும் சாதாரணச் சூழல் மாறியாகத் தோன்றும். எழுதிய ஸ்டெப்பிலேயே தோன்றாது. இரண்டாவது கோப்பில் எழுதியது தானாகத் தோன்றாது. எழுதும் ஸ்டெப்புக்கு ஒரு 'ஐடி' கொடுத்து, வேண்டிய இடத்தில் 'ஸ்டெப்ஸ்' என்பதன் கீழ் அந்த ஐடியையும் 'அவுட்புட்ஸ்' என்பதையும் மாறியின் பெயரையும் புள்ளிகளால் இணைத்துக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டில் எது என்று கேட்டால், அவுட்புட்டையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். தட்டச்சு சற்று அதிகம். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறக்கிறவருக்கு, இந்த மதிப்பு எந்த ஸ்டெப்பிலிருந்து வருகிறது என்பது அதைப் பயன்படுத்தும் வரியிலேயே எழுதியிருக்கும். சூழல் மாறியாக விட்டால் அது எங்கிருந்தோ வந்து நிற்கும்; யார் வைத்தது என்று கோப்பு முழுக்கத் தேட வேண்டும். தொடர்ந்து வரும் பத்து ஸ்டெப்புகளும் ஒரே மதிப்பைப் பயன்படுத்தும் நிலையில் மட்டும் முதல் கோப்பு எளிது.

இணையத்தில் பழைய வழிகாட்டிகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். முன்பெல்லாம் இரட்டை முக்காற்புள்ளிகளுக்கு நடுவே 'செட்-என்வ்' அல்லது 'செட்-அவுட்புட்' என்று எழுதித் திரையில் அச்சிட்டாலே ரன்னர் அதைப் படித்து மதிப்பை வைத்துக்கொள்ளும். திரையில் அச்சாகும் எதையும் கட்டளையாக எடுத்துக்கொள்வது ஆபத்து. வெளியாள் ஒருவர் எழுதிய இஷ்யூவின், அதாவது குறை அறிவிக்கும் பதிவின், தலைப்பை உங்கள் ஸ்கிரிப்ட் அப்படியே அச்சிட்டால், அந்தத் தலைப்புக்குள் ஒரு கட்டளை ஒளிந்திருக்கலாம். அந்தக் காரணத்தால் செட்-என்வ் 2020ஆம் ஆண்டு நவம்பரில் நிறுத்தப்பட்டது. செட்-அவுட்புட்டைக் கைவிடும்படி 2022 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. பழைய வரியை நகலெடுத்து ஒட்டிவிட்டு மதிப்பு வரவில்லையே என்று வியப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தோடு இணைத்திருந்த கோப்பைப் பார்த்ததால் சொல்கிறேன். உங்கள் நிரல்களின் களஞ்சியத்தை ரன்னருக்கு இறக்கித் தரும் செக்அவுட் ஆக்‌ஷன் இயல்பாகக் கடைசி கமிட் (பதிவுசெய்த மாற்றம்) ஒன்றை மட்டுமே இறக்குகிறது, டேகுகளை (கமிட்டுகளுக்கு இட்ட பதிப்புப் பெயர்களை) இறக்குவதில்லை. அந்த நிலையில் கிட் டிஸ்கிரைப் 'பெயர் எதுவும் கிடைக்கவில்லை' என்று தோற்றுப்போகும். நீங்கள் 'ஃபெட்ச்-டெப்த்' என்பதைப் பூஜ்யமாக வைத்து முழு வரலாற்றையும் இறக்குவதால் இன்று தப்பித்துவிட்டீர்கள். யாரேனும் வேகத்துக்காக அந்த வரியை நீக்கினால் என்ன ஆகும்? 'எக்ஸ்போர்ட் வெர்ஷன்' என்று தொடங்கி அதே வரியில் கட்டளையையும் வைத்திருப்பதால், உள்ளே இருக்கும் கட்டளை தோற்றாலும் எக்ஸ்போர்ட் என்ற கட்டளை வென்றதாகவே ஷெல் கருதும். ஸ்டெப் பச்சையாகவே முடியும், மதிப்பு மட்டும் வெறுமையாக இருக்கும். எக்கோவுக்குள் கட்டளையை வைத்து நேரே கோப்பில் எழுதினாலும் இதே கதைதான். ஆகவே முதல் வரியில் எக்ஸ்போர்ட் இல்லாமல் மாறியில் மட்டும் வாங்குங்கள். தோற்றால் ஸ்டெப் அங்கேயே நிற்கும். அடுத்த வரியில் கோப்பில் எழுதுங்கள். பெற்றுக்கொள்ளும் ஸ்டெப்பின் முதல் வரியில், மாறியின் பெயரை அடுத்து முக்காற்புள்ளி, கேள்விக்குறி, ஒரு செய்தி ஆகியவற்றை நெளியடைப்புக்குள் எழுதும் ஷெல் வழக்கைப் பயன்படுத்துங்கள். மதிப்பு வெறுமையாக இருந்தால் 'பதிப்பு எண் வரவில்லை' என்று நீங்கள் எழுதிய செய்தியோடு அங்கேயே நிற்கும். டாக்கரின் புரியாத பிழைச்செய்தியை இரவு பதினொரு மணிக்குப் படித்துக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: ஐயா, நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருந்து ஒரு கோவை நிறுவனத்துக்காக வேலை செய்கிறேன். எங்கள் பைப்லைனில் 'பில்ட்', 'டெஸ்ட்', 'டிப்ளாய்' என்று மூன்று ஜாப்புகள். பில்ட் ஜாப்பில் இமேஜின் முழு முகவரியை அவுட்புட்டில் எழுதுகிறேன். அதே ஜாப்பின் அடுத்த ஸ்டெப்பில் கிடைக்கிறது. டிப்ளாய் ஜாப்பில் எப்போதும் வெறுமைதான். ஜாப்பின் 'அவுட்புட்ஸ்' பகுதியிலும் அறிவித்துவிட்டேன்.
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: ஸ்டெப்புகளுக்கு இடையில் மாறுவது ஷெல் மட்டும். ஜாப்புகளுக்கு இடையில் இயந்திரமே மாறிவிடுகிறது. முதல் ஜாப்பின் கோப்புகள், மாறிகள், கட்டிய இமேஜ் எதுவும் இரண்டாவது ஜாப்பின் இயந்திரத்தில் இருக்காது. அதனால்தான் ஸ்டெப்பின் அவுட்புட்டை ஜாப்பின் அவுட்புட்டாக மறுபடியும் அறிவிக்க வேண்டியிருக்கிறது. அதை நீங்கள் சரியாகவே செய்திருக்கிறீர்கள். உங்கள் கோப்பில் நான் காணும் தடைகள் வேறு இரண்டு.

முதலாவது சிறியது. டிப்ளாய் ஜாப் 'நீட்ஸ்' பகுதியில் டெஸ்டை மட்டுமே குறிப்பிடுகிறது. டெஸ்ட் பில்டை நம்பியிருப்பதால் வரிசை சரியாகவே அமையும்; ஆனால் மதிப்புகள் நேரடியாகக் குறிப்பிட்ட ஜாப்பிலிருந்து மட்டுமே வரும், பாட்டன் ஜாப்பிலிருந்து வராது. நீட்ஸில் பில்ட், டெஸ்ட் இரண்டையும் எழுதுங்கள்.

இரண்டாவது, கண்ணில் படாமல் ஒளிந்திருப்பது. உங்கள் இமேஜ் அமேசானின் கன்டெய்னர் ரெஜிஸ்ட்ரியில், அதாவது இமேஜ்களைச் சேமிக்கும் கிடங்கில், இருக்கிறது. அந்த முகவரி பன்னிரண்டு இலக்கக் கணக்கு எண்ணோடுதான் தொடங்கும். அந்தக் கணக்கு எண்ணை உங்கள் குழு ரகசியமாகச் சேமித்திருக்கிறது. கிட்ஹப், ஜாப்பின் அவுட்புட்டை வெளியே அனுப்புவதற்கு முன் அதில் ரகசியம் எதுவும் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறது; கலந்திருந்தால் அந்த அவுட்புட்டையே விட்டுவிடுகிறது. ஜாப் தோற்பதில்லை. ஓட்டப் பதிவான லாக்கின் கடைசியில், 'கம்ப்ளீட் ஜாப்' என்ற பகுதியைப் பிரித்துப் பார்த்தால், ரகசியம் இருக்கக்கூடும் என்பதால் இந்த அவுட்புட்டைத் தவிர்க்கிறேன் என்ற பொருளில் ஒற்றை எச்சரிக்கை வரி இருக்கும். அந்தப் பகுதியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. இதே வரியைக் கண்டுபிடிக்க நான் ஒரு முழு நாளைச் செலவிட்டிருக்கிறேன்.

மதிப்பைக் குறியாக்கம் செய்து இந்தக் காவலை ஏமாற்றி அனுப்பும் வழிகளைச் சிலர் சொல்வார்கள். அந்த வழிக்குப் போகாதீர்கள். இமேஜின் டேகை (இமேஜுக்கு இட்ட பதிப்புப் பெயரை) மட்டும் அவுட்புட்டாக அனுப்புங்கள். ரெஜிஸ்ட்ரியின் முகவரியை டிப்ளாய் ஜாப் தன் ரகசியத்திலிருந்து தானே எடுத்து, டேகோடு சேர்த்துக்கொள்ளட்டும். இரண்டு ஜாப்புகளுக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ஒன்று மற்றொன்றுக்கு அனுப்பத் தேவையே இல்லை.

அளவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஒரு ஜாப்பின் அவுட்புட்டுகள் 1 எம்பி வரை, ஒரு முழு ஓட்டத்துக்கு 50 எம்பி வரை இருக்கலாம். ஆனால் அந்த எல்லையை நெருங்குகிறீர்கள் என்றால், நீங்கள் கடத்துவது மதிப்பு அன்று, கோப்பு. அதை ஆர்டிஃபாக்டாக, அதாவது பைப்லைன் சேமித்துவைக்கும் கோப்பாக, அனுப்புங்கள்.

கேள்வி: கிட்ஹப்பில் 'சேஞ்ச்டு' என்ற அவுட்புட்டில் 'ஃபால்ஸ்' என்று எழுதுகிறேன். அடுத்த ஸ்டெப்பின் 'இஃப்' நிபந்தனையில் அதை வைத்தால், ஃபால்ஸாக இருந்தாலும் ஸ்டெப் ஓடிவிடுகிறது.
— வாசகர், கம்பம்

பதில்: அவுட்புட்டுகள் எல்லாமே எழுத்துச் சரங்கள். வெறுமையாக இல்லாத எந்தச் சரமும் உண்மை என்றே கொள்ளப்படும். 'ஃபால்ஸ்' என்ற ஐந்து எழுத்து ஆங்கிலச் சொல்லும் அதில் அடங்கும். 'ட்ரூ' என்ற சரத்தோடு சமமா என்று வெளிப்படையாக ஒப்பிடுங்கள்.

கேள்வி: அண்ணன், நாங்கள் களியக்காவிளையில் ஒரு சிறிய குழு, கிட்ஹப்பைப் போன்ற கிட்லேப் தளத்தைப் பயன்படுத்துகிறோம். முதல் ஜாப்பில் எந்தெந்தப் பகுதி மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்து, டாட்என்வ் கோப்பில் (மாறிகளின் பெயரும் மதிப்பும் வரிசையாக எழுதும் கோப்பில்) எழுதி, அடுத்த ஜாப்பின் 'ரூல்ஸ்' பகுதியில் அந்த மாறியைப் பார்த்து ஓடலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய விரும்புகிறோம். ஸ்கிரிப்டில் மாறி கிடைக்கிறது, ரூல்ஸில் கிடைக்கவில்லை.
— வாசகர், களியக்காவிளை

பதில்: கிடைக்காது. அது காலவரிசை சார்ந்த தடை. கிட்லேப் ஒரு பைப்லைனை உருவாக்கும் கணத்திலேயே எல்லா ஜாப்புகளின் ரூல்ஸையும் மதிப்பிட்டு, எவை இருக்க வேண்டும், எவை கூடாது என்று முடிவுசெய்துவிடுகிறது. உங்கள் முதல் ஜாப் அந்த நேரத்தில் தொடங்கக்கூட இல்லை. இன்னும் எழுதப்படாத மதிப்பைப் பார்த்து எப்படி முடிவெடுக்க முடியும்?

மாறிய பகுதிகளைக் கோப்புப் பாதைகளால் அடையாளம் காண முடியும் என்றால், முதல் ஜாப்பே வேண்டாம். ரூல்ஸிலேயே 'சேஞ்சஸ்' என்ற வசதி இருக்கிறது. அது போதாது என்றால், இரண்டாவது ஜாப் எப்போதும் தொடங்கட்டும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் மாறியைப் பார்த்து, வேலை இல்லை என்றால் வெற்றிகரமாக வெளியேறட்டும். ஒரு ரன்னர் சில விநாடிகள் வீணாகும், அவ்வளவுதான். ஜாப்புகளின் எண்ணிக்கையே மதிப்பைப் பொறுத்து மாற வேண்டும் என்ற தேவை இருந்தால் மட்டும், முதல் ஜாப் ஒரு யாமல் கோப்பை (பைப்லைனை விவரிக்கும் கோப்பை) எழுதி ஆர்டிஃபாக்டாக வைக்க, அதிலிருந்து குழந்தைப் பைப்லைன் ஒன்றைத் தொடங்கலாம். அது வலிமையான வழி. பராமரிக்கவும் உழைப்பு வேண்டும் என்பதால், மூன்று பேர் கொண்ட குழுவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

டாட்என்வ் கோப்பைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். அதில் பல வரிகள் கொண்ட மதிப்பை வைக்க முடியாது. கடவுச்சொல்லையோ டோக்கனையோ அதில் ஒருபோதும் எழுதாதீர்கள். அந்தக் கோப்பு ஆர்டிஃபாக்டாகவே சேமிக்கப்படுகிறது, பைப்லைனின் பக்கத்தைப் பார்க்க முடிந்தவர் அதை இறக்கிக்கொள்ள முடியும்.

கேள்வி: மதிப்பைக் கடத்துவதில் இவ்வளவு தொல்லை என்றால், ஒவ்வொரு ஸ்டெப்பிலும் அதைப் புதிதாகக் கணக்கிட்டுக்கொண்டால் என்ன? தேதியையும் கமிட் எண்ணையும் எங்கு வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் எடுக்கலாமே.
— வாசகர், வாளையார்

பதில்: இந்தக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு நிறுவனத்தில் இரவு வெளியீடுகளைக் கவனித்துவந்தேன். இமேஜின் டேகில் அன்றைய தேதியைச் சேர்ப்பது எங்கள் வழக்கம். கட்டும் ஸ்டெப் தேதியை ஒருமுறை கேட்கும். ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பும் ஸ்டெப் மறுபடியும் கேட்கும். ஓராண்டுக்கும் மேலாக எந்தக் குறையும் இல்லை. ஒருநாள் வெளியீடு நீண்டுபோய் விடிந்துவிட்டது. கட்டும் ஸ்டெப் காலை ஐந்து இருபத்தொன்பதுக்குத் தேதியைக் கேட்டது. இமேஜ் கட்டி முடிய நான்கு நிமிடங்கள் ஆயின. அனுப்பும் ஸ்டெப் ஐந்து முப்பத்து மூன்றுக்குக் கேட்டது. 'அப்படி ஒரு இமேஜ் இங்கே இல்லை' என்று டாக்கர் சொல்லிவிட்டது. நடுஇரவு கடந்து வெகுநேரம் ஆகிவிட்டதே, தேதி எப்படி மாறும் என்று நாங்கள் திகைத்து நின்றோம். ரன்னரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமக்குக் காலை ஐந்தரை மணி ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு. லாக்கில் இரண்டு டேகுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடியிருந்தது.

அந்தக் காலையில் பிழையாவது வந்தது. அனுப்பும் ஸ்டெப் இருக்குமிடத்தில் டிப்ளாய் ஸ்டெப் இருந்து, ஏற்கெனவே கட்டிய வேறொரு இமேஜ் அதே டேகில் இருந்திருந்தால், பழைய மென்பொருள் பச்சைக் குறியோடு போய் அமர்ந்திருக்கும்.

கமிட் எண் மாறாதே என்று நீங்கள் கேட்கலாம். முழு எண் மாறாது. சுருக்க எண் மாறக்கூடும். கிட், சுருக்க எண்ணின் நீளத்தைக் குறைந்தது ஏழு என்று தொடங்கி, களஞ்சியத்தில் இருக்கும் பொருள்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நீட்டிக்கொள்கிறது. ஒரு ஜாப் முழு வரலாற்றையும் இறக்கி, இன்னொரு ஜாப் கடைசி கமிட்டை மட்டும் இறக்கினால், ஒரே கமிட்டுக்கு ஒன்றில் ஏழு எழுத்தும் மற்றொன்றில் எட்டோ ஒன்பதோ எழுத்தும் வரலாம். பெரிய களஞ்சியங்களில் இதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே மதிப்பை ஒருமுறை, ஓரிடத்தில் மட்டும் முடிவுசெய்யுங்கள். பிறகு அதையே கடத்துங்கள். இமேஜைப் பொறுத்தவரை இன்னும் ஒரு படி மேலே போகலாம். ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பி முடித்ததும் 'எஸ்ஹெச்ஏ256' என்று தொடங்கி அறுபத்து நான்கு எழுத்துகளில் ஒரு டைஜெஸ்ட் கிடைக்கும். டேக் என்பது நாம் ஒட்டும் பெயர். நாளைக்கே அதை வேறொரு இமேஜில் ஒட்டிவிட முடியும். டைஜெஸ்ட் அந்த இமேஜின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. அடுத்த ஜாப்புக்கு டைஜெஸ்டைக் கொடுத்தீர்கள் என்றால், டெஸ்ட் எதைச் சோதித்ததோ அதையேதான் டிப்ளாய் ஏற்றும்.

கேள்வி: ஜென்கின்ஸ் என்ற பைப்லைன் மென்பொருளில் ஷெல் கட்டளையின் வெளியீட்டை ஒரு மாறியில் வாங்கி அடுத்த ஸ்டேஜுக்குத் தருகிறேன். மதிப்பு போகிறது, ஆனால் கோப்புப் பெயரில் சேர்த்தால் கட்டளை நடுவில் இரண்டு வரியாக உடைந்துவிடுகிறது. இன்னொரு மாறியை எவ்வளவு மாற்றினாலும் பழைய மதிப்பே வருகிறது.
— வாசகர், புனலூர்

பதில்: இரண்டும் தனித்தனிக் காரணங்கள். 'ரிடர்ன் எஸ்டிடிஅவுட்' வழியாக வாங்கும் வெளியீட்டின் கடைசியில் வரிமுறிவு ஒட்டிக்கொண்டே வரும். ஷெல் அதைத் தானாக வெட்டிவிடும், ஜென்கின்ஸ் பைப்லைன் எழுதும் மொழியான க்ரூவி வெட்டாது. கட்டளையின் முடிவில் 'ட்ரிம்' சேர்த்துவிடுங்கள். இரண்டாவது மாறியை நீங்கள் பைப்லைனின் தலைப்பில் 'என்விரான்மென்ட்' பகுதியில் அறிவித்திருக்கிறீர்கள். அங்கே அறிவித்தது, பின்னால் ஸ்கிரிப்ட் பகுதியில் நீங்கள் கொடுக்கும் மதிப்பை மறைத்துவிடும். அந்த அறிவிப்பை நீக்குங்கள், அல்லது பெயரை மாற்றுங்கள். ஒரு நோடில் (இயந்திரத்தில்) கட்டிய சிறிய கோப்பை இன்னொரு நோடுக்குக் கொண்டுபோக 'ஸ்டாஷ்', 'அன்ஸ்டாஷ்' போதும். அவை நூற்றுக்கணக்கான எம்பி அளவுக்கு ஏற்றவை அல்ல.

க்ரூவியில் இரட்டை மேற்கோளுக்குள் கடவுச்சொல் மாறியை வைக்காதீர்கள். க்ரூவியே மதிப்பை நிரப்பி, முழுக் கட்டளையாக ஷெல்லுக்குக் கொடுப்பதால், அந்த இயந்திரத்தின் ப்ராசஸ் பட்டியலைப் பார்க்கிறவருக்குக்கூட அது தெரியலாம். ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் ஷெல் தன் சூழலிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: ஐயா, எங்களிடம் ஆறு ஸ்டெப்புகள்: பதிப்பு எண்ணை எடுத்தல், சார்புகளை நிறுவுதல், கட்டுதல், சோதித்தல், ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்புதல், சர்வரில் ஏற்றுதல். இவ்வளவு கடத்தலுக்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே ஷெல் ஸ்கிரிப்டில் எழுதிவிடலாமா?
— வாசகர், குமுளி

பதில்: பெரும்பகுதியை எழுதலாம், எழுதவும் வேண்டும். தனி ஸ்டெப்புகளாகப் பிரிப்பது திரையில் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் பிரித்தால், பிரித்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு கடத்தலை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். ஸ்கிரிப்டாக இருந்தால் அதை உங்கள் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். குமுளியில் மழைக்காலத்தில் இணையம் நின்றுபோகும் நாட்களில் அதன் அருமை தெரியும்.

இயந்திரம் மாறும் இடத்திலும், அனுமதி மாறும் இடத்திலும், ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தர வேண்டிய இடத்திலும் மட்டும் பிரியுங்கள். உங்கள் ஆறில் முதல் நான்குக்கும் ஒரே இயந்திரம் போதும், ரகசியம் எதுவும் தேவையில்லை. அவை ஒரே ஸ்கிரிப்டாகட்டும். ஐந்தாவதற்கு ரெஜிஸ்ட்ரியின் கடவுச்சொல் வேண்டும். கட்டிய இமேஜ் அதே இயந்திரத்தில் இருப்பதால் அதே ஜாப்பில், தனி ஸ்டெப்பாக வைத்து, கடவுச்சொல்லை அந்த ஸ்டெப்புக்கு மட்டும் கொடுங்கள். ஸ்கிரிப்டிலிருந்து அதற்குப் போக வேண்டியது பதிப்பு எண் ஒன்றுதான். ஆறாவது, சர்வரின் சாவி தேவைப்படும் தனி ஜாப். அதற்கு ஐந்தாவது கொடுக்க வேண்டியது டைஜெஸ்ட் மட்டும். இன்று உங்கள் கோப்பில் கடத்தப்படும் பதினொரு மாறிகளில் மற்ற ஒன்பதையும் நீக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எது தோற்கிறதோ அந்த ஸ்டெப்பின் பெயரோடு மறுபடியும் எழுதுங்கள்.